அமெரிக்காவின் பால்வினை நோய்க் கணக்கைப் படிப்பது எப்படி?

அமெரிக்காவில் 2024-ஆம் ஆண்டு பதிவான பால்வினை நோய்கள் அதற்கு முந்தைய ஆண்டைவிட 9 சதவீதம் குறைந்திருக்கின்றன. கிளமிடியா 8 சதவீதம் குறைவு. கொனோரியா 10 சதவீதம் குறைவு, அதுவும் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக. எளிதில் பரவக்கூடிய தொடக்க நிலை சிபிலிஸ் 22 சதவீதம் குறைவு. அந்நாட்டு அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2025 செப்டம்பரில் வெளியிட்ட தற்காலிகக் கணக்கு இது. மூன்று நோய்களும் சேர்ந்து 22 லட்சத்துக்கு மேல் என்றாலும், வரைகோடு கீழ்நோக்கித் திரும்பியிருப்பதைப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தாயிடமிருந்து சிபிலிஸ் தொற்றிப் பிறந்த குழந்தைகள், அல்லது அதனாலேயே இறந்து பிறந்தவை, ஏறத்தாழ 4,000. இந்த எண் குறையவில்லை. 2013 முதல் ஆண்டு தவறாமல் ஏறிக்கொண்டே வருகிறது.

பெரியவர்களிடம் நோய் குறைகிறது, குழந்தைகளிடம் கூடுகிறது. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில் எப்படி நடக்கும்? இதற்கு விடை தேடினால் இந்தக் கணக்குகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் கூடவே பிடிபட்டுவிடும்.

முதலில், ‘பதிவானது’ என்றால் என்ன? ஒருவருக்குத் தொற்று இருக்க வேண்டும். அவர் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் சோதனைக்கு எழுத வேண்டும். சோதனை தொற்றைக் காட்ட வேண்டும். ஆய்வகமோ மருத்துவரோ உள்ளூர் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து மாநிலத்துக்கும், மாநிலத்திலிருந்து பெயர் நீக்கப்பட்டு சி.டி.சி.க்கும் போக வேண்டும். இத்தனை படிகளில் ஒன்று தவறினாலும் அந்தத் தொற்று கணக்கில் இல்லை. எந்த நோயைத் தெரிவிப்பது கட்டாயம் என்பது அங்கே மாநிலச் சட்டத்தின் பாற்பட்டது. தேசிய அளவிலான பட்டியலில் கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், அரிதான ஷான்கிராய்டு ஆகியவை உண்டு. எச்.ஐ.வி.க்குத் தனிக் கணக்கு. பிறப்புறுப்பு அக்கி, எச்.பி.வி., டிரைக்கோமோனஸ் ஆகியவை பட்டியலிலேயே இல்லை. பரவலில் முன்னணியில் நிற்பவை இவைதாம் என்பது வேடிக்கை. எண்ணப்படுவது தொற்றுகள்தான், ஆட்கள் அல்ல என்பதையும் நினைவில் வைக்கலாம்: ஒருவருக்கே ஆண்டில் இரண்டு முறை தொற்றினால் கணக்கில் இரண்டு.

இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு 2018-ஆம் ஆண்டு நல்ல சான்று. அந்த ஆண்டு புதிதாகத் தொற்றியவை எல்லா வகையும் சேர்த்து 2.6 கோடி இருக்கும் என்பது சி.டி.சி.யின் மதிப்பீடு. அதில் ஏறத்தாழ பாதி 15 முதல் 24 வயதுக்குள் உள்ளவர்களிடம். பதிவேட்டில் ஏறியவையோ 25 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு.

ஆகவே மூன்று நோய்களின் எண்களையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது.

கிளமிடியாவை எடுத்துக்கொள்வோம். மூன்றில் இதுதான் எண்ணிக்கையில் பெரியது. 2023-இல் 16 லட்சத்துக்கு மேல். ஆனால் மூன்றில் குறைவாகச் செய்தி சொல்வதும் இதுவே. தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. தேடினால் மட்டுமே கிடைக்கும். அதனால்தான் பாலுறவு வாழ்க்கையில் இருக்கும் 25 வயதுக்குட்பட்ட பெண்கள் எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை சோதனை செய்யுங்கள் என்று அங்கே பரிந்துரை இருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் தெரிவிப்பது கட்டாயமானதே 2000-ஆம் ஆண்டில்தான். அதன்பின் எண்ணிக்கை மளமளவென்று ஏறி 2019-இல் 18 லட்சத்தைத் தொட்டது. நோய் பரவியதா, தேடுவது பரவியதா? இரண்டும்தான், ஆனால் தேடுவதன் பங்கு பெரியது.

2020 இதைப் பளிச்சென்று காட்டிவிட்டது. கிளமிடியா ஒரே ஆண்டில் 13 சதவீதம் விழுந்தது. கோவிட் காலத்தில் கிளினிக்குகள் மூடிக் கிடந்தன. மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியும், சோதனைப் பொருள்களும், ஆய்வக இயந்திரங்களும் கோவிட் சோதனைக்குத் திருப்பப்பட்டன. அதே ஆண்டில் கொனோரியா 10 சதவீதம் ஏறியது, சிபிலிஸும் ஏறியது. மக்கள் விலகி இருந்ததால் கிளமிடியா குறைந்தது என்றால் மற்ற இரண்டும் ஏன் ஏறின? ஆண்களுக்கு கொனோரியா வந்தால் சிறுநீர் போகும்போது எரியும், சீழ் வரும். ஊரடங்கானாலும் மருத்துவரைத் தேடி ஓடுவார்கள். கிளமிடியா எரிச்சலூட்டாமல் உள்ளே இருந்துவிட்டது, அவ்வளவுதான். அப்படி விடுபட்ட தொற்றுகள் பின்னால் கருக்குழாய் அடைப்பாகவும் குழந்தையின்மையாகவும் தலைகாட்டும். அப்போது அவற்றை யாரும் பால்வினை நோய்க் கணக்கில் எழுதமாட்டார்கள்.

கொனோரியாவின் கதை இரண்டு மலைகளும் நடுவே ஒரு பள்ளமும். நம் ஊரில் வெட்டை என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். 1975-இல் அமெரிக்காவில் பதிவானது கிட்டத்தட்ட 10 லட்சம். 1970-களின் தொடக்கத்தில் அரசே பெண்களுக்குப் பெரிய அளவில் சோதனை நடத்தத் தொடங்கியிருந்தது; அந்த மலை உயர்ந்ததில் அதற்கும் பங்குண்டு. பிறகு இறங்கி இறங்கி 2009-இல் மூன்று லட்சத்துக்கு வந்தது; மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் அதுவரை பதிவானதிலேயே குறைந்த வீதம். மறுபடி ஏறி 2021-இல் ஏழு லட்சத்தைத் தாண்டியது. 2023-இல் ஆறு லட்சம். இந்த இரண்டாம் ஏற்றத்திலும் கலப்பு இருக்கிறது. எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை 2012-இல் வந்தது. அதை எடுத்துக்கொள்ளும் ஆண்கள் மூன்று மாதத்துக்கொரு முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும், அப்போது மற்ற தொற்றுகளுக்கும் சோதனை நடக்கும். சிறுநீரில் மட்டும் தேடிக்கொண்டிருந்த கிருமியைத் தொண்டையிலும் மலக்குடலிலும் தேடத் தொடங்கினார்கள், அங்கேயும் கிடைத்தது.

கொனோரியாவில் எண்ணிக்கையைவிட மருந்துதான் கவலை. சல்பா மருந்துகள், பெனிசிலின், டெட்ராசைக்ளின் என ஒவ்வொன்றையும் அந்தக் கிருமி சாப்பிட்டு ஏப்பம் விட்டது. 2007-இல் சிப்ரோபிளாக்சசின் வகை மருந்துகளை சி.டி.சி. கைவிட்டது, 2012-இல் செபிக்சைம் மாத்திரையை முதல் தேர்விலிருந்து நீக்கியது. அதன்பின் முதல் தேர்வாக மிஞ்சியது செப்ட்ரியாக்சோன் ஊசிதான். அதற்கும் எளிதில் மசியாத கொனோரியா மாசசூசெட்ஸில் இருவருக்கு இருந்ததாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்த இருவரும் அதே ஊசியில் குணமானார்கள். ஆனாலும் தேசிய வரைபடத்தில் புள்ளியளவுகூடத் தெரியாத அந்த இருவர்தான் நிபுணர்களின் தூக்கத்தைக் கெடுத்தார்கள்.

இனி சிபிலிஸ். மேகநோய் என்றும் மேகப்புண் என்றும் நம்மவர்கள் சொன்னது பெரும்பாலும் இதையே. அமெரிக்கா நீண்ட காலமாக எண்ணி வரும் நோய். 1941 முதல் தேசியக் கணக்கு இருக்கிறது. அதற்கு முன் அந்தப் பெயரைச் சொல்லவே முடியாது. 1934-இல் நியூயார்க் மாநில சுகாதார ஆணையராக இருந்த தாமஸ் பாரன், வானொலி உரையில் சிபிலிஸ் என்ற சொல்லைப் பயன்படுத்த சி.பி.எஸ். நிலையம் அனுமதிக்கவில்லை; அவர் பேசாமலே விட்டுவிட்டார். இரண்டே ஆண்டில் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஆனார். பத்திரிகையில் எழுதினார், புத்தகம் போட்டார். 1938-இல் பால்வினை நோய்க் கட்டுப்பாட்டுக்கென்று மத்திய அரசு பணம் ஒதுக்கும் சட்டம் வந்தது. அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் சிபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்கள் ஏறத்தாழ 400 பேருக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த ஆய்வை நடத்தியதும் அவர் தலைமை வகித்த அதே துறைதான் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. பெனிசிலின் கைக்கு வந்த பின்னும் அந்த ஆட்களுக்கு அதைத் தரவில்லை. அரசாங்க கிளினிக் என்றால் கறுப்பின மக்களில் பலர் இன்றும் தயங்குவதற்கு இது ஒரு காரணம். தயக்கமும் கணக்கைக் குறைத்துக் காட்டும்.

1943-இல் சுமார் 5,75,000 சிபிலிஸ் தொற்றுகள் பதிவாயின. அந்நாட்டில் அதுவே உச்சம். போர்க்காலம். படைக்கு எடுக்கும் இளைஞர்கள் எல்லோருக்கும் ரத்தச் சோதனை. பல மாநிலங்களில் திருமணத்துக்கு முன்னும் ரத்தச் சோதனை கட்டாயம். ஆண்டுக்கணக்காக உடம்பில் மறைந்திருந்த தொற்றெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. அதே ஆண்டில்தான் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு மருத்துவமனையில் ஜான் மஹோனி பெனிசிலின் சிபிலிஸைக் குணப்படுத்தும் என்று காட்டினார். அதன்பின் சரிவு. நடுவில் கிராக் கொக்கெய்ன் பரவிய காலத்தில், 1990-இல், தொடக்க நிலைத் தொற்றுகள் மட்டும் 50,000-ஐத் தாண்டின. மறுபடி சரிவு. 1999-இல் சி.டி.சி. ஒரு திட்டம் போட்டது: 2005-க்குள் தொடக்க நிலை சிபிலிஸை ஆண்டுக்கு ஆயிரத்துக்குள் கொண்டு வந்து, நாட்டிலிருந்தே ஒழித்துவிடுவது. 2000-இல் எண்ணிக்கை 5,979. எட்டிப்பிடிக்கும் தூரம் என்று தோன்றியது. அந்த ஆண்டோடு இறக்கம் நின்றது.

இங்கே வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு பிசகு உண்டு. சிபிலிஸுக்கு இரண்டு கணக்கு இருக்கிறது. புண்ணோ தடிப்போ தெரிகிற தொடக்க நிலைத் தொற்றுகள் ஒரு கணக்கு. அண்மையில் எவ்வளவு பரவுகிறது என்பதை இது சொல்லும். மறைந்திருப்பவை, எப்போது தொற்றியது என்றே தெரியாதவை, குழந்தைகள் எல்லாம் சேர்ந்த மொத்தம் இன்னொரு கணக்கு. செய்திகளில் இரண்டும் மாறி மாறி வரும். 22 சதவீதம் குறைந்தது முதல் கணக்கு. 2023-இல் 2,09,253 என்றும், 1950-க்குப் பிறகு இதுவே அதிகம் என்றும் தலைப்பு வந்தது இரண்டாவதை வைத்து. அந்தத் தலைப்பு தவறில்லை. ஆனால் 1950-இல் அமெரிக்காவின் மக்கள்தொகை 15 கோடி, இப்போது 33 கோடிக்கு மேல். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால் 2023-இல் 62 வரும். 1943-இல் 440-க்கு மேல். பயப்பட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பயம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கட்டும் என்றுதான்.

அது இருக்க வேண்டிய இடம் குழந்தைகளின் கணக்கு. 2012-இல் 330 சொச்சம். 2023-இல் 3,882. இறந்து பிறந்தவையும் பிறந்தபின் இறந்தவையும் அதில் 279. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு நூறுக்கு மேல் என்ற வீதம்.

இந்த எண்ணை எப்படி எண்ணுகிறார்கள் என்றும் பார்த்துவிடுவோம். தாய்க்குச் சிபிலிஸ் இருந்து அவருக்குச் சரியான சிகிச்சை கிடைக்காமல் போயிருந்தால், பார்வைக்குக் குழந்தை நலமாக இருந்தாலும் அது கணக்கில் சேரும். ஆகவே 3,882 குழந்தைகளும் நோய்ப்பட்டுத் துவண்டு பிறந்தவை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் சிகிச்சை இல்லாமல் விட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், எலும்புக் கோளாறு, பார்வைக் குறை, செவித்திறன் குறை எல்லாம் வரலாம். சிகிச்சை பெறாத தாய்மார்களின் குழந்தைகளில் 40 சதவீதம் வரை இறக்கக்கூடும் என்று சி.டி.சி. சொல்கிறது.

தடுக்கும் வழியோ மிக எளிது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஒரு ரத்தச் சோதனை. தொற்று இருந்தால் பென்சதைன் பெனிசிலின் ஊசி. எத்தனை காலத் தொற்று என்பதைப் பொறுத்து ஒன்றோ, வாரம் ஒன்றாக மூன்றோ. பிரசவத்துக்கு 30 நாள் முன்பாவது முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். எண்பது ஆண்டுப் பழைய மருந்து இன்றும் வேலை செய்கிறது. கொனோரியாவைப் போல இந்தக் கிருமி பெனிசிலினை எதிர்க்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. 2022-ஆம் ஆண்டின் குழந்தைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த சி.டி.சி., பத்தில் ஒன்பதை உரிய நேரத்துச் சோதனையாலும் சிகிச்சையாலும் தடுத்திருக்கலாம் என்றது. ஐந்தில் இரண்டு தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் மருத்துவரையே பார்த்ததில்லை. ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று இருப்பது சோதனையில் தெரிந்தும் போதிய சிகிச்சை முடியவில்லை. காப்பீடு இல்லை, ஊரில் மகப்பேறு மருத்துவமனை இல்லை, வீடு நிலையில்லை, மெத்தாம்பெட்டமைன் பழக்கம் உண்டு, போனால் குழந்தையைப் பறித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் வேறு. செவ்விந்தியர், அலாஸ்கா பழங்குடியினரிடையே நிலைமை மிக மோசம்: 2022-இல் 155 பிறப்புக்கு ஒரு குழந்தை.

போதாக்குறைக்கு 2023-இல் அந்த ஊசிக்கே தட்டுப்பாடு. மற்றவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்துச் சமாளிக்கலாம். கர்ப்பிணிக்குப் பெனிசிலினைத் தவிர வேறு மருந்து பரிந்துரையில் இல்லை. இருப்பதைக் கர்ப்பிணிகளுக்கு ஒதுக்குங்கள் என்று சுற்றறிக்கை விட வேண்டியதாயிற்று; பிரான்சிலிருந்து இறக்குமதியும் நடந்தது. உலகிலேயே மருத்துவத்துக்குப் பெருஞ்செலவு செய்யும் நாட்டில்!

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். பெரியவர்களிடம் சிபிலிஸ் குறைந்தது முதலில் தெரிந்தது ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிடம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைக்காக அடிக்கடி சோதனைக்கு வருகிறவர்கள் அவர்களில் நிறைய. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் எடுத்துக்கொண்டால் சிபிலிஸும் கிளமிடியாவும் வெகுவாகக் குறையும் என்று சான் பிரான்சிஸ்கோவிலும் சியாட்டிலிலும் நடந்த ஆய்வு காட்டியது. 2024 ஜூனில் சி.டி.சி. அதை வழிகாட்டுதலாகவே வெளியிட்டது. அண்மைச் சரிவில் இதற்கு ஒரு பங்கு இருக்கக்கூடும். அதாவது மருத்துவமனையோடு ஏற்கெனவே தொடர்பில் இருந்தவர்களிடம் நோய் இறங்குகிறது. குழந்தைகளின் எண்ணோ, மருத்துவமனை வாசலையே மிதிக்காத, அல்லது மிதித்தும் பாதியில் விடுபட்ட பெண்களைப் பொறுத்தது. அவர்களில் பலருக்குத் தொற்று ஓராண்டு, ஈராண்டுக்கு முன்பே வந்து மறைந்திருக்கும். தொடக்க நிலைக் கணக்கு இந்த ஆண்டு குறைந்தாலும் அது அவர்களைத் தொடாது. இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் போவதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள் அவை.

இலங்கையை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குச் சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது அது. கியூபா 2015-இலேயே பெற்றுவிட்டது. சிபிலிஸுக்கு அந்தச் சான்றிதழின் அளவுகோல், லட்சம் பிறப்புக்கு 50 அல்லது அதற்குக் கீழ். அமெரிக்கா நிற்பது அதைப்போல் இரு மடங்கில். இலங்கையில் புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ இல்லை. இலவச மருத்துவமும், கர்ப்பிணியின் வீடு தேடிப் போகும் மருத்துவமாதும், எல்லோருக்கும் தவறாமல் நடக்கும் ரத்தச் சோதனையும்தான்.

நம் ஊரிலும் கர்ப்பிணிக்கு எழுதும் சோதனைச் சீட்டில் வி.டி.ஆர்.எல். என்று ஒரு வரி இருக்கும். எதற்கு என்று பலர் கேட்பதில்லை, சிபிலிஸுக்குத்தான். சோதனைக்குப் பெயர் வந்தது அமெரிக்க அரசின் பால்வினை நோய் ஆய்வகத்திலிருந்து. ஆனால் அமெரிக்கப் பாணியில் நோய்வாரியாக ஆண்டுக் கணக்கை இந்தியாவில் தேடினால் ஏமாற்றம்தான். இங்கே அரசு மையங்களில் சீழ் வடிதல், புண், அடிவயிற்று வலி என்று அறிகுறித் தொகுப்பை வைத்து, அதற்கென்று நிறம் குறித்த மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆய்வக முடிவுக்குக் காத்திருந்து ஆளைத் தவறவிடுவதைவிட இது மேல்; விலை, எந்தக் கிருமி எவ்வளவு என்பது எழுத்தில் ஏறாமல் போவது. தனியார் கிளினிக்கிலும் மருந்துக் கடையிலும் ரகசியமாக முடித்துக்கொள்பவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அமெரிக்காவிலும் எண்ணும் கைகள் குறைந்து வருகின்றன. தொற்று உறுதியானவரைத் தேடிப் போய்ப் பேசி, அவருடைய இணையரையும் சிகிச்சைக்கு அழைத்து வரும் களப்பணியாளர்களுக்காகக் கோவிட் காலத்தில் ஒதுக்கிய பணத்தில் சுமார் 40 கோடி டாலரை 2023-இல் கடன் வரம்பு பேரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2025 ஏப்ரலில் நடந்த ஆட்குறைப்பில் சி.டி.சி.யின் பால்வினை நோய் ஆய்வகமே மூடப்பட்டது. மருந்துக்கு அடங்காத கொனோரியாவைச் சோதித்து உறுதிசெய்யும் இடம் அது. ஜூனில், வேலை இழந்த சி.டி.சி. ஊழியர்களில் ஒரு பகுதியினரைத் திரும்ப அழைத்தார்கள்.

அடுத்த அறிக்கையில் கிளமிடியா இன்னும் குறைந்திருந்தால், எத்தனை பெண்களுக்குச் சோதனை நடந்தது என்பதைத்தான் முதலில் தேடுவேன். கொனோரியா குறைந்திருந்தால், எத்தனை மாதிரிகளில் மருந்து எதிர்ப்பைச் சோதித்தார்கள் என்று. குழந்தைகளின் எண் குறைந்திருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கும்: இறந்து பிறந்த குழந்தைகளின் தாய்மார்களுக்கு அன்றைக்கு யாராவது சிபிலிஸ் சோதனை எழுதினார்களா?